போதகர் படிக்கிறார், சபை என்ன செய்கிறது? கோலாலம்பூர் தமிழ்ச் சபை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூரின் வட பகுதியில் உள்ள ஒரு தமிழ்ச் சபையில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். போதகரும் அவருடைய மனைவியும் முழுவதையும் படித்துப் பார்த்து, வெளியிடலாம் என்று சொன்ன பிறகே இதை வெளியே கொடுக்கிறேன். சபையின் பெயரையும் திருச்சபைப் பிரிவையும் விட்டுவிட்டேன். வீட்டு விவரங்கள் ஒன்றிரண்டை மாற்றியிருக்கிறேன். போதகர்களுக்கும் சபைக் குழுக்களுக்கும் இடையில் உட்கார்ந்து பேசுவது என் பணி. அந்த முறையில்தான் சபைச் செயலாளர் என்னை அழைத்தார். "நம்ம பாஸ்டருக்கு டைம் மேனேஜ்மென்ட் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க ஐயா" என்பது அவர் வைத்த வேண்டுகோள்.

அந்த வேண்டுகோளோடு எனக்கு உடன்பாடில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊழியம், குடும்பம், படிப்பு மூன்றையும் போதகர் ஒருவரே தன் டைரிக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கும்வரை, நல்ல போதகர்கள் படிப்பை விடுவார்கள், அல்லது வீட்டை இழப்பார்கள். இது சபை முடிவெடுக்க வேண்டிய காரியம்.

நிலைமை

போதகருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. மனைவி அரசாங்க மருத்துவமனையில் தாதி; காலை, மாலை, இரவு என்று மாறி மாறி வரும் ஷிப்ட். மூத்த மகள் ஐந்தாம் படிவம், அந்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுத வேண்டியவள். மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. மாமியார் கூடவே இருக்கிறார். அவர் இல்லையென்றால் அந்த வீடு ஓடியிருக்காது. சபையில் எண்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். பழைய ரயில்வே குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள், தோட்டங்களை விட்டு வந்து பி.பி.ஆர். எனப்படும் அரசாங்கக் குறைந்த வாடகை அடுக்குமாடிகளில் குடியேறியவர்கள், அவர்களுடைய பிள்ளைகளான ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள் என்று எல்லாரும் ஒரே ஆராதனையில் உட்காருகிறார்கள்.

தமிழ்ப் போதகர் ஒருவர் மேற்படிப்புக்குப் போக இந்த நாட்டில் அதிக வாசல்கள் இல்லை. சிரம்பானில் செமினாரி தியோலோஜி மலேசியா இருக்கிறது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் திருச்சபைகள் சேர்ந்து 1979-இல் தொடங்கியது. பினாங்கு பத்து ஃபெரிங்கியில் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி 1954 முதல் நடக்கிறது. தமிழிலேயே ஆழமாகப் படிக்க வேண்டுமென்றால் மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களுக்குக் கடல் தாண்டிப் போக வேண்டும். மனைவியும் பள்ளிப் பிள்ளைகளும் உள்ளவருக்கு அது எளிதல்ல. ஆகவே இவர் சிரம்பானைத் தேர்ந்தெடுத்து, பகுதிநேரமாக முதுகலை இறையியல் சேர்ந்தார். படிப்பது ஆங்கிலத்தில், பிரசங்கம் தமிழில், வாலிபர் கூட்டம் பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலும். இரவு பதினொரு மணிக்கு ஆங்கிலத்தில் படித்த ஒரு வாதத்தை ஞாயிறு காலை எழுபது வயதுப் பாட்டிக்கும் புரிகிற தமிழில் சொல்வது தனி உழைப்பு. அந்த உழைப்பு எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

நான் போனபோது பாடங்கள் முடிந்து, ஆய்வேடு எழுதும் கட்டத்தில் இருந்தார். ஒரு கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இரண்டாவதாகக் கேட்கப் போகிறார் என்ற பேச்சு சபைக்குள் கசிந்திருந்தது. குழுவில் இரண்டு கருத்து. "எங்களுக்கு இப்ப இருக்கற பாஸ்டரே போதும், பட்டம் வாங்கி என்ன ஆகப்போகுது" என்றார் ஒரு மூப்பர். அவர் வெறுப்பில் பேசவில்லை, போதகர் இளைத்துப்போவதைப் பார்த்த வருத்தத்தில் பேசினார். மற்றவர்கள், படிப்பு அவருடைய சொந்த விஷயம், சபை வேலை கெடாமல் இருந்தால் சரி என்றார்கள். எனக்கு அதிகக் கவலை தந்தது இந்த இரண்டாவது கருத்துதான். கேட்கத் தாராளமாக இருக்கும். ஆனால் அதன் பொருள், படிப்புக்கு வேண்டிய மணி நேரத்தைப் போதகர் தன் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பதே.

இரண்டு வாரப் பதிவு

போதகரை இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருக்கச் சொன்னேன். வந்த ஒவ்வொரு அழைப்பு, போன ஒவ்வொரு வீடு, எந்த நேரம், எதற்காக என்பதை மட்டும் எழுத வேண்டும். தன்னைக் குற்றப்படுத்தி எதுவும் எழுதக் கூடாது என்று வற்புறுத்திச் சொன்னேன். போதகர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நேரம் போன இடங்கள் அவர் நினைத்தவையாக இல்லை. பிரசங்க ஆயத்தம், ஜெபக்கூட்டம், நோயாளிகளைப் பார்ப்பது எல்லாம் எதிர்பார்த்த அளவில்தான் இருந்தன. பெரிய பங்கு போனது கடிதங்களுக்கும் பாரங்களுக்கும், அதாவது அரசாங்க விண்ணப்பத் தாள்களுக்கும். அரசாங்கத்திலிருந்து மலாயில் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வயதானவர்கள் பாஸ்டரிடம்தான் வருகிறார்கள். வேலையிடத்தில் விரல் நசுங்கிய ஒருவருக்குத் தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவின் பாரம். இறந்துபோன கணவரின் சேமநிதிப் பணத்தை எடுக்க ஒரு விதவைக்கு உதவி. பிறப்புப் பத்திரத்தில் பெயர் தவறாகப் பதிந்த பேரப்பிள்ளைக்காகப் பதிவு இலாகாவில் அரை நாள். பி.பி.ஆர். வாடகை பாக்கிக் கடிதம். பள்ளி மாற்றம். போதகர் இதில் எதையும் குறையாகச் சொல்லவில்லை. "அவங்களுக்கு வேற யாரு இருக்கா ஐயா" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி உண்மையானது. இந்த வேலைகள் ஊழியம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இவற்றைச் செய்யக் குருத்துவ அபிஷேகம் தேவையில்லை. அதே சபையில் ஓய்வு பெற்ற அரசாங்கக் கிளார்க் அம்மா ஒருவர் மூன்றாவது வரிசையில் உட்காருகிறார். முப்பது வருடம் இதே பாரங்களைக் கவுன்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவரை யாரும் கேட்டதில்லை.

அடுத்து, மரணங்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒரு மரணம். செய்தி வந்தவுடன் வீட்டுக்கு, அன்றிரவு ஆறுதல் ஆராதனை, மறுநாள் அடக்க ஆராதனை, பிறகு செராஸ் கல்லறைத் தோட்டம். இறந்தவரின் அண்ணன் குடும்பம் இந்துக்கள். பதினாறாம் நாள் என்ன செய்வது, படத்துக்கு மாலை போடலாமா, படையல் வைத்தால் சாப்பிடலாமா என்று அண்ணன் தம்பிக்குள் வாக்குவாதம். கல்லறையிலிருந்து திரும்பிய போதகர் நள்ளிரவுவரை அவர்களோடு உட்கார்ந்திருந்தார். நம் தமிழ்க் குடும்பங்களில் இது எவ்வளவு வழக்கமானது என்று சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய ஆய்வேட்டின் பொருளே இதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: இரண்டு சமயத்தாரும் உள்ள மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் மரணத்துக்குப் பின் செய்யப்படும் ஆறுதல் ஜெபங்கள், நாற்பதாம் நாள், வருஷ நினைவு ஜெபம் ஆகியவற்றைச் சபை எப்படி நடத்துவது. குழுவில் ஒருவருக்கும் இது தெரியாது. தங்களுக்கு அடிக்கடி தேவைப்படும் ஒரு விஷயத்தைப் பற்றித்தான் தங்கள் போதகர் இரவில் கண் விழித்து எழுதுகிறார் என்பது தெரியாமலேயே, அதை அவருடைய சொந்த விஷயம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

வீட்டு மேசையில்

போதகர் இல்லத்தின் சாப்பாட்டு மேசை பெரியது, எட்டுப் பேர் உட்காரலாம். பாதி மேசை புத்தகங்களுக்குப் போய்விட்டது. மீதிப் பாதியில் மாமியார் காய் நறுக்குகிறார், மகன் வீட்டுப்பாடம் செய்கிறான். குளிர்பெட்டியின் கதவில் மனைவியின் ஷிப்ட் அட்டவணை, பக்கத்திலேயே சபை அச்சிட்ட நாட்காட்டி. இரண்டையும் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னேன். மூவரும் ஒரு மாதத்தைத் தேதி தேதியாகப் பார்த்துக்கொண்டு போனோம்.

போதகருக்கு ஓய்வு நாள் திங்கட்கிழமை. ஞாயிறு முழுக்க நின்று பேசியவருக்குத் திங்கள் ஓய்வு என்பது பல சபைகளில் உள்ள வழக்கம், வசதியானதும்கூட. ஆனால் திங்களன்று பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளியில். மகளுக்கு மாலையில் டியூஷன். மனைவிக்கு அந்த மாதத்தில் ஒரே ஒரு திங்கள்தான் விடுமுறை. பிள்ளைகள் வீட்டிலிருக்கும் சனிக்கிழமையில் அவருக்குப் பாடகர் குழுப் பயிற்சி, வாலிபர் கூட்டம், கல்யாணம் இருந்தால் கல்யாணம். ஞாயிறு சொல்லவே வேண்டாம். நான்கு பேரும் சேர்ந்து வீட்டில் இருக்கக்கூடிய முழு நாள் என்று அந்த மாதத்தில் ஒன்றுகூட இல்லை. ஓய்வு நாள் கொடுத்திருக்கிறோம் என்று குழு மனசாட்சியோடு நம்பிக்கொண்டிருந்தது. கொடுத்திருந்தார்கள் என்பதும் உண்மை. அந்த நாளில் அவரோடு இருக்க வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். அவர் அந்தத் திங்கட்கிழமைகளைப் படிப்புக்கு எடுத்துக்கொண்டார். ஆகவே அவருக்கு ஓய்வு நாளும் இல்லை.

மனைவியிடம் என்ன கஷ்டம் என்று கேட்டேன். பல மணி நேரம் வெளியே இருக்கிறார் என்பதைத்தான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "இவர் வீட்ல இல்லாதது எனக்குப் பழகிடுச்சு ஐயா. நானும் நைட் டூட்டி பாக்கறவதான். வீட்ல இருக்கும்போது, எப்ப ஃபோன் அடிக்கும், எப்ப எழுந்து போவாருன்னு காத்துக்கிட்டே சாப்பிடறோம் பாருங்க, அதான் முடியல."

அந்த மாதிரி அழைப்புகளையும் நோட்டில் தேடிப் பார்த்தோம். பெரும்பாலானவை அவசரமே இல்லை. ஞாயிறு பலகாரம் யார் முறை, வேனுக்குப் பெட்ரோல் காசு யாரிடம் வாங்குவது, ஜெபக்கூட்டம் எட்டுக்கா எட்டரைக்கா. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். ஆனால் ஆய்வேடு எழுதுகிறவருக்கு, அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போன அப்பா திரும்பி வரும்போது மகன் தட்டைக் கழுவி வைத்துவிட்டிருப்பான்.

மகளிடம் தனியாகப் பேசினேன், பாட்டி பக்கத்தில் இருக்க. அப்பா உன்னோடு அதிக நேரம் இருக்க வேண்டுமா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "பிரசங்கத்துல என்னைப் பத்திச் சொல்ல வேணாம்னு சொல்லுங்க தாத்தா. நல்லதா சொன்னாலும் வேணாம்." வளர்ந்த பெண், எங்கே போனாலும் பாஸ்டர் பொண்ணு. அவளுக்கு வேண்டியிருந்தது அப்பாவின் நேரமல்ல, அப்பாவின் வேலையிலிருந்து கொஞ்சம் மறைவு. போதகர் இதைக் கேட்டு வெகுநேரம் பேசவில்லை. அன்றிலிருந்து அவளை உதாரணமாக எடுக்கவில்லை.

சபைக் குழுவின் முன்

குழுக் கூட்டத்துக்கு மனைவியும் வர வேண்டும் என்று கேட்டேன். வழக்கமில்லை என்றார்கள். அவருடைய வாரத்தைப் பற்றி அவர் இல்லாமல் முடிவெடுக்க முடியாது என்று சொல்லி அழைத்து வந்தோம்.

யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். எத்திரோ மோசேக்குச் சொன்ன ஆலோசனை எல்லாருக்கும் மனப்பாடம்: ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்குத் தலைவர்களை ஏற்படுத்து என்பது. வேலையைப் பிரித்துக் கொடுப்பதைப் பற்றிய பகுதி என்றுதான் இதைப் பயிற்சிக் கூட்டங்களில் எடுப்போம். ஆனால் அதிகாரம் தொடங்குவது வேறு இடத்தில். மோசேயின் மனைவி சிப்போராளும் கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு பிள்ளைகளும் அவனை விட்டுப் பிரிந்து எத்திரோவின் வீட்டில் இருந்தார்கள். எத்திரோ அவர்களை வனாந்தரத்துக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார். வந்த மறுநாளே மோசே நியாயம் விசாரிக்க உட்காருகிறான். ஜனங்கள் காலை தொடங்கிச் சாயங்காலம்வரை அவன் முன்னால் நிற்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் மாமனார், "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். தன் மகளையும் பேரப்பிள்ளைகளையும் கொண்டுவந்து விட்டவர் சொன்ன வார்த்தை அது. "நீரும் உம்மோடிருக்கிற ஜனங்களும்" தொய்ந்துபோவீர்கள் என்று ஜனங்களையும் சேர்த்தே சொன்னார். குழுவில் இருந்தவர்களில் பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். எனக்குத் தெரிந்து அந்தப் பகுதியை அவர்கள் அன்று ஒரு மாமனாரின் குரலாகக் கேட்டார்கள்.

மனிதவளத் துறையில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் வேறு பக்கத்திலிருந்து பேசினார். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்து, வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருந்த வரம்பு 45 ஆகியிருக்கிறது. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு ஏற்கெனவே உண்டு. "நம்ம கம்பெனில ஒருத்தர இப்படி வேலை வாங்கினா நான்தான் பதில் சொல்லணும். இங்க யாரு பதில் சொல்றது?" என்றார். ஊழியம் மணிக்கணக்கு வேலையல்ல என்று ஒருவர் மறுத்தார். அவர் சொன்னதும் சரிதான். மணிக்கணக்கு இல்லாத வேலைக்கு எல்லை வைக்கச் சட்டம் வராது, சபைதான் வைக்க வேண்டும் என்று அந்தச் சகோதரி விடவில்லை.

இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதினோம். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஓய்வு நாளை வாரத்தின் ஒரே நாளில் நிறுத்தாமல் விட்டது. மனைவியின் ஷிப்ட் அட்டவணை மாதா மாதம் வெளியாகிறது. அது வந்தவுடன், அவருக்கும் பிள்ளைகளுக்கும் பொருந்தும் நாட்களைப் போதகரின் ஓய்வு நாளாகக் குறித்து ஞாயிறு அறிவிப்புத் தாளில் போடுவது. மாதம் இரண்டு சனிக்கிழமையாவது அதில் வரும். அந்தச் சனிக்கிழமைகளில் வாலிபர் கூட்டத்தை வாலிபர் தலைவர்களே நடத்துவார்கள். "மாசா மாசம் மாறினா யாருக்கு ஞாபகம் இருக்கும்" என்றார் பொருளாளர். தாதியின் வீட்டில் எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள் என்று மனைவி பதில் சொன்னார்.

வியாழக்கிழமை படிப்பு நாள். அதைப் போதகரின் விடுப்பாகக் கணக்கிடாமல், சபை வேலை நாளாக நாட்காட்டியில் அச்சிட்டார்கள். வியாழனும் ஓய்வு நாளும் சபை கைப்பேசி மூன்று மூப்பர்களிடம் முறைவைத்துப் போகும். மரணம், விபத்து, அறுவை சிகிச்சை என்றால் மட்டும் போதகருக்குச் சொல்வார்கள். ஓய்வு பெற்ற அந்த அம்மா சனிக்கிழமை காலை சபை மண்டபத்தில் ஒரு மேசை போட்டுப் பாரங்களைப் பார்ப்பார். சட்டம் படித்த ஒரு வாலிபனும் கூட. அடுத்த ஆண்டு வரவு செலவில் போதகர் படிப்புக்கென்று ஒரு வரி. பதிலுக்குப் போதகர், எழுதி முடிக்கும் ஒவ்வொரு இயலையும் நான்கு புதன்கிழமை மாலைகளில் சபைக்குப் பாடமாக எடுப்பார்.

பயணத்தையும் மாற்றினோம். சிரம்பானுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார்; சுங்கை பீசி நெரிசலில் தொடங்கி நெடுஞ்சாலை முழுக்கக் கண்ணும் கையும் கட்டுண்டு கிடக்கும். செந்தூலில் ஏறினால் மாறாமல் சிரம்பான் போகும் கொமுட்டர் ரயில் இருக்கிறது. காரைவிடப் பயண நேரம் அதிகம். ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து படிக்கலாம். பகல் நேரத்தில் பெட்டி காலியாகத்தான் இருக்கிறது. வாசிப்பில் பாதி இப்போது அந்த ரயிலில் முடிகிறது.

நடந்தது

எல்லாம் சரியாகப் போகவில்லை. கைப்பேசி மூப்பர்களிடம் போனதில் சில குடும்பங்களுக்கு மனவருத்தம். மூத்த அங்கத்தினர் ஒருவர் வியாழனன்று மருத்துவமனையில் சேர்ந்தார். முறையில் இருந்த மூப்பர் போய் ஜெபித்தார். "என்னைப் பார்க்க பாஸ்டருக்கு நேரமில்லையா" என்ற கேள்வி பல வாரம் சபையில் சுற்றியது. போதகர் மறுநாளே போயிருந்தார் என்பது அந்தப் பேச்சில் வரவில்லை. மூப்பர் செய்யும் ஜெபத்தை ஜெபமாக ஏற்கச் சபை பழகுவதற்கு நாளாகும். அதற்காகப் போதகர் பின்வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

டிசம்பரில் ஒப்பந்தம் காற்றில் பறந்தது. வீடு வீடாகக் கீத பவனி, கிறிஸ்துமஸ் ஆராதனை, வருடக் கடைசி இரவு ஆராதனை. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். பிள்ளைகள் பாட்டியோடு ஊருக்குப் போனார்கள், போதகர் ஆய்வேட்டைத் தொடவே இல்லை. இதைத் தோல்வி என்று நான் எழுதமாட்டேன். ஆண்டில் சில வாரங்கள் அப்படித்தான் இருக்கும்; அதற்கு ஈடாக ஜனவரியில் என்ன தருவது என்பதை முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதியிருக்கிறோம்.

பாரம் பார்க்கும் மேசை எதிர்பார்த்ததைவிட நன்றாக நடக்கிறது. பக்கத்து அடுக்குமாடியிலிருந்து சபைக்குச் சம்பந்தமில்லாதவர்களும் வருகிறார்கள். போதகர் அந்த வேலையில் இருந்தபோது அவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து வர வேண்டியிருந்தது. இப்போது மக்களுக்கு நேரம் தெரியும்.

புதன்கிழமைப் பாடங்களில் முதல் தொடர் பதினாறாம் நாளைப் பற்றி. வழக்கமான ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களைவிட அதிகம் பேர் வந்தார்கள். இந்து உறவினரைக் கூட்டி வந்தவர்களும் உண்டு. படிப்பு எதற்கு என்று கேட்ட மூப்பர் மூன்றாவது மாலையில் எழுந்து, தன் தகப்பனார் இறந்தபோது அண்ணன் வீட்டுச் சாப்பாட்டைத் தொடாமல் வந்ததையும், அதற்குப் பிறகு அண்ணன் பேசாமலே போய்ச் சேர்ந்ததையும் சொன்னார். போதகர் அதை அவருடைய அனுமதியோடு ஆய்வேட்டில் சேர்த்திருக்கிறார்.

ஆய்வேட்டில் மூன்று இயல்கள் வழிகாட்டியிடம் போய்விட்டன. இரண்டாவது நீட்டிப்பு கிடைத்தது. மகள் எஸ்.பி.எம். எழுதிவிட்டாள். வாலிபர் கூட்டத்துக்கு அவள் வருவதில்லை, ஞாயிறு ஆராதனைக்கு வருகிறாள். போதகர் அதில் வற்புறுத்தவில்லை. மகன் சனிக்கிழமைகளைக் குளிர்பெட்டிக் கதவில் தானே சிவப்புப் பேனாவால் வட்டமிடுகிறான் என்று பாட்டி சொன்னார்.

மீதி இருப்பது ஒரு காரியம். இந்த ஒப்பந்தம் இன்றைய குழுவின் நல்லெண்ணத்தில் நிற்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் குழு மாறும். போதகருக்கும் எந்த ஆண்டிலும் வேறு சபைக்கு மாற்றல் வரலாம். ஆகவே ஓய்வு நாள், படிப்பு நாள், கைப்பேசி முறை மூன்றையும் பொதுக்கூட்டத் தீர்மானமாக நிறைவேற்றி, அடுத்து வரும் போதகரின் நியமனக் கடிதத்தோடும் இணைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். செயலாளர் அதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டார். கூட்டத்தில் முன்மொழியப் போகிறவர், பட்டம் வாங்கி என்ன ஆகப்போகிறது என்று கேட்ட அந்த மூப்பர்.